பழைய வால்வா, புது வால்வா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா வீட்டம்மாக்களும் வருவாங்க, புரியற மாதிரி பேசு" என்றார். நான் வேலை பார்க்கும் துறையைப் பற்றிப் பேசினால் எனக்கே தூக்கம் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்கிற வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்பதுதான் அந்த வேலை. இந்த மேஜை மேல் மூன்று வால்வுகள் வைத்திருக்கிறேன். பேச்சு முடியும்போது அவற்றுக்கு வருகிறேன்.

நாம் படித்த காலத்தில் வால்வு என்பது பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு போனது, அவ்வளவுதான். ஆனால் முழுசாகப் போய்விடவில்லை. கிட்டார் வாசிப்பவர்கள் விடவில்லை. இசைத்தட்டு கேட்கிறவர்கள் விடவில்லை. மதுரையைச் சுற்றி, சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பக்கங்களில் பழைய மைக்செட்காரர்கள் சிலரும் விடவில்லை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான். வால்வு போய்விட்டால் எதை வாங்கிப் போடுவது? அந்தக் காலத்தில் செய்து, விற்காமல் பெட்டியில் கிடக்கும் பழைய சரக்கையா, இன்று வெளிநாட்டில் புதிதாகச் செய்வதையா?

எனக்கு இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்கிறேன். கதையில் குற்றவாளி நான்தான்.

சோழவந்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியப்பா மைக்செட் வைத்திருந்தார். வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டி, ஒரு பதினைந்து வாட் ஆம்ப்ளியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்க வைப்பார். பதினைந்து வாட் போதுமா என்று மாணவர்கள் கேட்கலாம். வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88, 90 டெசிபல் வரும். குழாய் ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 105-ஐத் தாண்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் சின்ன ஆம்ப்ளியே சினிமாப் பாட்டைப் பக்கத்து ஊர் வயல் வரைக்கும் கொண்டு போனது.

அந்த ஆம்ப்ளி 1970-களில் மதுரையில் ஒருவர் கையால் கட்டிக் கொடுத்தது. முன்னால் இரண்டு இசிசி 83, கடைசியில் ஜோடியாக இரண்டு இஎல் 84. நாலும் பி.இ.எல். வால்வுகள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-ல் ராணுவத் தேவைக்காகத் தொடங்கப்பட்டது. 1961-ல் அங்கே ரேடியோ வால்வு தயாரிப்பு ஆரம்பமானது. தொழில்நுட்பம் ஹாலந்து பிலிப்ஸ் கம்பெனியுடையது. அதனால் நம்ம ஊர் வீட்டு ரேடியோக்களிலும் மைக்செட்டுகளிலும் இருந்த இஎல் 84, இசிசி 83 எல்லாம் ஐரோப்பிய வால்வுகளுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். இன்று அந்த ரேடியோ வால்வுகள் தயாரிப்பில் இல்லை. பெரியப்பா மட்டும் இரண்டு இஎல் 84-ஐப் பஞ்சு வைத்து ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார். "இது பொண்ணுக்குச் சேர்த்த நகை மாதிரிப்பா" என்பார்.

2017 வைகாசியில், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் பொங்கல். ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதையில் இன்னும் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகம். (இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது, திருவிழாவுக்குச் சில நாள் தளர்வும் இருக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் வக்கீல் நண்பர்கள் எழுந்துவிடுவார்கள், விடுங்கள்.) அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆம்ப்ளியில் ஒரு இஎல் 84 போய்விட்டது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதான் இன்சினியரு, பார்த்துச் செய்யிப்பா."

நான் புதுசாக ஒரு ஜோடி இஎல் 84 வரவழைத்துப் போட்டேன். அரை மணி நேரம் நன்றாகப் பாடியது. பிறகு ஒரு வால்வில், உள்ளே இருக்கும் பிளேட் செங்கல் சூளை மாதிரி சிவந்தது. உடனே அணைத்தேன். அணைத்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "புது வால்வே இப்படித்தான் பெரியப்பா. இப்ப எவனும் ஒழுங்கா செய்யறதில்ல. பழசுதான் பழசு." இதை எங்கேயோ படித்திருந்தேன். படித்ததை ஆராயாமல் ஒப்பித்தேன். பெரியப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு டின்னைத் திறந்தார்.

பி.இ.எல். ஜோடியைப் போட்டோம். பகலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், லேசாகச் சூடு அதிகம், அவ்வளவுதான். நாடகத்தன்று ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். நாரதர் மேடைக்கு வந்து தர்க்கம் ஆரம்பிக்கிற நேரம். குழாயில் கரகரவென்று சத்தம், அப்புறம் ஒரு 'டொப்', அப்புறம் மௌனம். ஆம்ப்ளிக்குள் ஒரு வால்வு செவசெவவென்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரிலிருந்து வேறு செட் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை நாரதரும் வள்ளியும் தொண்டையை வைத்தே சமாளித்தார்கள். அடுத்த வருஷம் அந்த ஊர்க் கமிட்டி பெரியப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

முந்தைய கட்டத்தின் பிளேட்டில் 200 வோல்ட் இருக்கும். அங்கிருந்து பாட்டை மட்டும் விட்டு, டி.சி.யைத் தடுப்பதற்கு நடுவில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அதற்கு அந்தப் பக்கம் இஎல் 84-இன் கிரிட், 470 கிலோ ஓம் வழியாகப் பூமியில் கட்டியிருக்கிறது. கிரிட்டில் டி.சி. பூஜ்யமாக இருக்க வேண்டும். நான் வால்வைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்து, அந்த 470 கிலோ ஓமின் குறுக்கே மீட்டரை வைத்தேன். 4 வோல்ட்! வால்வே இல்லாத இடத்தில் 4 வோல்ட் எங்கிருந்து வரும்? கண்டென்சர் கசிகிறது. கணக்குப் போட்டால் அந்தக் கசிவு சுமார் 23 மெகா ஓம். முந்தின வாரம் அதே கண்டென்சரை நான் மீட்டரில் ஓம் பார்த்திருந்தேன். என் மீட்டருக்கு எல்லை 20 மெகா ஓம். "ஓப்பன்" என்று காட்டியது, நல்ல கண்டென்சர் என்று விட்டுவிட்டேன். 200 வோல்ட்டில் வேலை செய்யும் சாமானைப் பேட்டரி வோல்ட்டில் சோதித்தால் அது பத்தினி வேஷம்தான் போடும்.

4 வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இஎல் 84-க்கு கிரிட்டில் ஒரு வோல்ட் ஏறினால் சுமார் 11 மில்லி ஆம்பியர் கூடும். அந்த ஆம்ப்ளியில் இரண்டு வால்வுக்கும் சேர்த்து கேத்தோடில் ஒரே 130 ஓம். ஒரு வால்வு அதிகம் இழுத்தால் பொது கேத்தோடு வோல்ட் ஏறும், அதனால் அடுத்த வால்வு அடங்கிப்போகும். ஆக, மொத்தக் கரண்ட் பெரிதாக ஏறின மாதிரி தெரியாது, ஃபியூஸும் போகாது. ஆனால் ஒருவன் முதுகில் மட்டும் இரண்டு ஆள் சுமை. பிளேட்டுக்கு அனுமதி 12 வாட். இவன் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

இதோடு நிற்கவில்லை. நாடகம் நடக்கும் நேரத்தில் மின்சாரமும் ஏறும். சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டிருக்கும்போது வோல்டேஜ் சாய்ந்து கிடக்கும். நடுராத்திரி மும்முனை மின்சாரம் நின்று, வயல் பம்ப்செட் எல்லாம் ஓய்ந்ததும் எகிறும். அப்புறம் ஒரு நாள் அதே நேரத்தில் போய் அளந்தேன், 258 வோல்ட். 230-க்குச் சுற்றின டிரான்ஸ்ஃபார்மரில் 258 போனால் 6.3 வோல்ட் ஹீட்டர் 7.07 ஆகிறது. 300 வோல்ட் எச்.டி. 336 ஆகிறது. இஎல் 84-க்குக் கம்பெனி போட்ட உச்ச வரம்பே 300.

ஆக, புது வால்வைக் கொன்றதும் நான்தான், பழைய வால்வைக் கொன்றதும் நான்தான். கொன்றுவிட்டு, முதலாவதற்கு "மட்டமான சரக்கு" என்று பட்டம் கட்டினேன். இரண்டாவது பெரியப்பாவின் நகை.

இனி கேள்விக்கு வருகிறேன். ஆம்ப்ளியைச் சரிசெய்துவிட்டோம், இருபது முப்பது வருஷக் கண்டென்சர்களை மாற்றிவிட்டோம், வோல்டேஜுக்கு வழி செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எதை வாங்குவது?

என் கட்சி இது. கடைசிக் கட்டத்துக்குப் புது வால்வு. முதல் கட்டத்துக்கு, கிடைத்தால், பழைய வால்வு.

கடைசிக் கட்ட வால்வு என்பது சைக்கிள் டயர் மாதிரி. தேயத்தான் செய்யும். சில ஆயிரம் மணி நேரத்தில் எமிஷன் குறையும். தேய்கிற சாமானை, இனிமேல் செய்யவே மாட்டாத சரக்கில் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. மேலும் அங்கே ஜோடி பொருந்த வேண்டும். நாற்பது வருஷமாகத் தனித்தனி டப்பாவில் கிடந்த இரண்டு வால்வுகள் ஒரே மாதிரி கரண்ட் இழுக்கும் என்பதற்கு ஜாதகப் பொருத்தம்தான் பார்க்க வேண்டும். புதுசில் அளந்து ஜோடி சேர்த்தே விற்கிறார்கள், ஆறு மாசம் கழித்து ஒன்று போனாலும் அதே மாதிரி கிடைக்கும்.

முதல் கட்ட இசிசி 83-இன் கதை வேறு. அதில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர் சுற்றித்தான். தேய்மானம் மிகக் குறைவு. பிலிப்ஸ் குடும்பத்தில் இதன் நீண்ட ஆயுள் வகைகளை 10,000 மணி நேரத்துக்கு என்று சொல்லியே விற்றார்கள். ஆகவே பெட்டியில் கிடந்த ஒரு நல்ல பி.இ.எல். இசிசி 83 இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் அந்த இடத்தில் வருகிற சிக்கல் இரைச்சலும் 'மைக்ரோஃபோனி'யும். வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கிற மாதிரி கேட்கும். மேடைப் பலகை மேல் ஆம்ப்ளி, பலகை மேல் பபூன் குதிக்கிறார் என்றால் அவ்வளவுதான். இந்த நோய் பழசிலும் உண்டு, புதுசிலும் உண்டு. அதனால் "கிடைத்தால்" என்பதோடு "தட்டிப் பார்த்து" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சத்தம்? "பழைய வால்வில்தான் இனிமை" என்கிறார்களே? என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு நண்பர்களை உட்கார வைத்து, திரைக்குப் பின்னால் வால்வு மாற்றி மாற்றிப் போட்டேன். முதல் தடவை எல்லோரும் ஒரே வால்வைக் கை காட்டினார்கள், அது பி.இ.எல். எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு அளந்து பார்த்தால், அந்த வால்வுக்குப் பெருக்கம் கொஞ்சம் அதிகம், சத்தம் ஒரு டெசிபல் போலக் கூடியிருந்தது. வால்யூமைச் சமமாக்கிவிட்டு மறுபடி கேட்க வைத்தேன். இரைச்சல் உள்ள வால்வை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். இது பெங்களூர், இது ஐரோப்பா என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை, நான் உள்பட. இதை வைத்து வித்தியாசமே கிடையாது என்று சாதிக்க மாட்டேன். நாலு பேர் காது ஒரு ஆராய்ச்சி ஆகாது. ஆனால் வால்யூமைச் சமப்படுத்தாமல் "இது தேன், அது வெல்லம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

வாங்கும்போது பெயரைப் பார்த்து ஏமாறுவது தனிக் கதை. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் முல்லார்ட் கம்பெனி வால்வு செய்தது. அந்தத் தொழிற்சாலை வால்வு செய்வதை நிறுத்தி வெகுகாலம். ஆனால் புத்தம் புது டப்பாவில் "முல்லார்ட்" வால்வு கிடைக்கும். அது ரஷ்யாவில் சரத்தோவ் நகரத் தொழிற்சாலையில் செய்து, வாங்கிய பெயரைப் போட்டது. அதே தொழிற்சாலைதான் வேறு நாலைந்து பெயர்களிலும் விற்கிறது. அது நல்ல வால்வுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கிவிட்டு "இங்கிலாந்து சரக்கு" என்று அண்ணன் தம்பியிடம் பெருமை பேசக்கூடாது. ஸ்லோவாக்கியாவில் ஜே.ஜே. என்ற கம்பெனி, பழைய செக்கோஸ்லோவாக்கியாவின் டெஸ்லா வழியில் 1990-களில் தொடங்கியது. நான் பெரும்பாலும் வாங்குவது அதை. சீனாவிலும் செய்கிறார்கள். உலகத்தில் இப்படி விரல் விட்டு எண்ணும் இடங்களில்தான் செய்கிறார்கள். 2022 மார்ச்சில் போரை ஒட்டி ரஷ்யா வால்வு ஏற்றுமதியைத் தடுத்தபோது, உலகம் முழுக்கக் கடைகளில் சரக்கு காலியாகி விலை ஏறியது. அதாவது "புதுசு எப்போதும் கிடைக்கும்" என்ற என் வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதனால் ஒரு ஜோடி உபரியாக வாங்கி வைக்கிறேன். கடைசியில் நானும் பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன்!

பழைய சரக்கில் வேறு மாதிரி ஏமாற்று. கண்ணாடி மேல் அச்சடித்த எழுத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, விலை போகும் பெயரை அச்சடித்து "விக்கிறாய்ங்க". பிலிப்ஸ் குடும்ப வால்வுகளில் கண்ணாடியின் அடிப்பக்கம் சின்னதாக அரித்த குறியீடு இருக்கும். இரண்டாவது வரி 'பி' என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பித்தால் பிளாக்பர்ன். அது துடைத்தால் போகாது. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ யாராவது பழைய வால்வு நீட்டினால், ஒரு பூதக்கண்ணாடியோடு போங்கள். தலையில் வெள்ளிப் பூச்சு மாதிரி இருப்பது பேரியம், கெட்டர் என்பார்கள். மிச்சம் மீதிக் காற்றை அது தின்னும். அது பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆனால் வெள்ளி பளபளவென்று இருப்பதால் மட்டும் வால்வு நல்லதென்று அர்த்தமில்லை. எரிந்து தீர்ந்த வால்விலும் அது பளபளக்கும்.

வாங்கி வந்ததைப் போடும்போது ஒரு சோதனை. முதலில் சீரியல் பல்பு போட்டு ஆம்ப்ளியை எழுப்புங்கள். பிறகு வால்வோடு அந்த 470 கிலோ ஓமின் குறுக்கே அரை மணி நேரம் கழித்து அளவு பாருங்கள். வால்வு இல்லாமலே வோல்ட் இருந்தால் கண்டென்சர். வால்வு போட்டபின், சூடேற ஏற வோல்ட் பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனால் வால்வுக்குள் வாயு. ஒரு மைக்ரோ ஆம்பியர் கிரிட் கரண்ட் என்றால் மீட்டரில் ஏறத்தாழ அரை வோல்ட். பழையதோ புதியதோ, இதில் தேறாத வால்வை நான் போடுவதில்லை. மாணவர்களுக்கு ஒன்று: உள்ளே 300 வோல்ட். அணைத்த பிறகும் கண்டென்சர்களில் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுக் கை வையுங்கள், ஒரு கை எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

பெரியப்பா இப்போது மைக்செட் தொழிலை விட்டுவிட்டார். ஆம்ப்ளி என் வீட்டில் ஓடுகிறது. கடைசியில் ஸ்லோவாக்கியா ஜோடி, முன்னால் அதே இரண்டு பெங்களூர் இசிசி 83. அவை இன்னும் மாற்றப்படவில்லை. மெயின்ஸுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன். போன தைப் பொங்கலுக்கு வந்தவர் ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஆம்ப்ளிக்குப் பின்னால் குனிந்து, பிளேட் சிவக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரேடியோவோ ஆம்ப்ளியோ இருந்தால், "ஓடுதான்னு பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகாதீர்கள். எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், கூட இரண்டு மாணவர்கள் வந்தால் நல்லது.

மேஜை மேல் இருக்கும் மூன்றில் இடப்பக்கம் இருப்பது புது இஎல் 84. நடுவில் இருப்பது காற்றுப் புகுந்து கெட்டர் வெளுத்தது. வலப்பக்கம் இருப்பது நாரதர் வந்த ராத்திரி போன பி.இ.எல்., கெட்டர் இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் போகும் முன் வந்து எடுத்துப் பார்க்கலாம். கண்ணாடியைப் பிடித்துத் தூக்குங்கள், கீழே இருக்கும் ஒன்பது பின்னைப் பிடிக்க வேண்டாம், வளைந்துவிடும்.